பனிவீசி: வாசல் வரைதானா நம் கடமை?

ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் மட்டுமே கண்டு வளர்ந்தவர்கள் நாம். நம் ஆண்டு மலரில் பனியை அள்ளி எறியும் ஓர் இயந்திரத்தைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும், நம்முடன் பயின்றவர்களில் மேற்கல்விக்காகவும் வேலைக்காகவும் கனடாவுக்குச் சென்று, அங்கேயே வீடு வாங்கிக் குடியமர்ந்தவர்கள் இருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருவன். இனியும் பலர் வருவர். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களால் டொராண்டோ மாநகரின் ஸ்கார்பரோ, அதனை அடுத்துள்ள மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் போன்ற இடங்கள் தமிழ் கேட்கும் ஊர்களாகிவிட்டன. அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தின் குளிர்கால வாழ்வில் பனிவீசி தவிர்க்க முடியாத பேச்சாகிவிட்டது. அதை வாங்குவதா, வேண்டாமா? வாங்கினால் யாருக்காக வாங்குகிறோம்? இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்.

சொல்லும் பொருளும்

மொழிக் கழகத்தின் ஏடு என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குவோம். முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்டவர்கள் தமிழர்கள். ஆனால், அந்தப் பனி புல்நுனியில் முத்தாய் நிற்பது. வெயில் ஏறினால் மறைவது. கதவைத் திறக்கவிடாமல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் வெண்பனிக்கு நம் அன்றாடப் பேச்சில் சொல் இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை. கனடாத் தமிழர் அதனை ‘ஸ்னோ’ என்றே சொல்கின்றனர். ‘ஸ்னோ தள்ளுவது’ என்பது அங்கே ஒரு வீட்டு வேலையின் பெயர்.

அந்த இயந்திரத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பனி ஊதி’ என்றாகும். ஆனால், அது ஊதுவதில்லை. முன்புறத்தில் திருகுபோல் சுழலும் இரும்புத் தகடுகள் பனியை வெட்டி நடுவே கூட்டுகின்றன. அதற்குப் பின்னாலுள்ள விசிறி அதை ஒரு புகைபோக்கி போன்ற குழாய் வழியே பல மீட்டர் தூரம் வீசுகிறது. எனவே, ‘பனிவீசி’ என்பதே பொருத்தம். எங்கே வீசுகிறது என்பதில்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன. அதனைப் பின்னர் பார்ப்போம்.

ஒரு வாசலில் எத்தனை கிலோ?

டொராண்டோவில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாகச் சுமார் 120 செ.மீ. பனி பொழிகிறது. மாண்ட்ரியலில் 200 செ.மீ.க்கும் மேல். இது நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை பங்கிட்டு விழுந்தால் பெரிய தொல்லையில்லை. ஆனால், இயற்கை அப்படிப் பங்கிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அடுத்தடுத்து வீசிய பனிப்புயல்களால் டொராண்டோ நிலைகுலைந்தபோது, அந்நாள் மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் சில நாள்களுக்குள் வரிசையாக வந்த புயல்கள் அரை மீட்டருக்கு மேல் பனியைக் கொட்டிச் சென்றன.

இனி ஒரு சிறு கணக்கு. இரண்டு கார்கள் நிற்கக்கூடிய வண்டிப்பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 6 மீட்டர். நீளம் 10 மீட்டர். அதன்மீது 20 செ.மீ. பனி விழுந்தால் 12 கனமீட்டர் ஆகிறது. உலர்ந்த புதுப்பனி ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ என்று கொண்டாலும் மொத்தம் 1,200 கிலோ. சவளில் ஒரு தடவைக்கு 5 கிலோ வீதம் அள்ளினால் 240 முறை குனிந்து நிமிர வேண்டும். பனி ஈரமாக இருந்தால் எடை இதைப்போல் மூன்று மடங்குகூட ஆகலாம். தோட்டப்புறத்தில் சாங்குள் பிடித்த நம் பாட்டன்மார் இதைக் கேட்டால் சிரிப்பர். ஆனால், அவர்கள் அன்றாடம் உழைத்துப் பழகிய உடலோடு உழைத்தனர். கணினி முன் அமர்ந்திருப்பவர் திடீரென ஒருநாள் அதிகாலையில், உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில், வெறும் வயிற்றோடு இவ்வேலையில் இறங்குவது வேறு.

இத்தனையும் முடித்து மூச்சு வாங்கும்போது நகராட்சியின் பனிக்கலப்பை தெருவில் வரும். சாலையை அது வழித்துச் செல்லும்போது, ஓரத்தில் ஒதுங்கும் பனி நம் வண்டிப்பாதையின் வாயை மறித்து வரப்புப்போல் நிற்கும். சாலைப்பனியும் உப்பும் சேறும் கலந்து இறுகிய அந்த வரப்பே எல்லாவற்றிலும் கனமானது. சில பகுதிகளில் நகராட்சியே இதையும் அகற்றுகிறது. ஆனால் எல்லா ஊர்களிலும் இல்லை. அகற்றும் இடங்களிலும் நாம் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்குள் அது நடக்குமென்று எவரும் உறுதிகூற முடியாது.

இதயம் கேட்கும் விலை

இது வெறும் அலுப்பைப் பற்றிய புலம்பல் அன்று. கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று, 2017இல் கனடா மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பனியே விழாத நாளோடு ஒப்பிடுகையில், 20 செ.மீ. பனி விழுந்த நாளுக்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்வது 16 விழுக்காடும், மாரடைப்பால் இறப்பது 34 விழுக்காடும் கூடியிருந்தது. பெண்களிடம் அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. பனி தள்ளும் வேலையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைகளால் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. கனமான சவளை உயர்த்தும் கணத்தில் பலர் தம்மை அறியாமலேயே மூச்சை அடக்குகின்றனர். மூன்றும் ஒரே நேரத்தில் நேரும்போது, ஏற்கெனவே அடைப்புள்ள இதயம் தாங்குவதில்லை. நம் சமூகத்தில் நீரிழிவும் இதய நோயும் எவ்வளவு பரவலானவை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.

ஆகவே, பனிவீசி ஓர் ஆடம்பரப் பொருள் என்போரின் கருத்தை நான் ஏற்கவில்லை. வயதும் நோயும் உள்ள வீட்டில் அது ஒரு பாதுகாப்புக் கருவி. எனினும், வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்போரின் கருத்தையும் நான் ஏற்கவில்லை.

வாங்கினால் போதுமா?

தமிழ்க் குடும்பங்களில் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளியில். பகலில் வீட்டிலிருப்பவர்கள் ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட தாத்தாவும் பாட்டியும்தான். பனி அதிகாலையில் மட்டும் விழுவதில்லை, நண்பகலிலும் விழும். கொட்டகையில் இரண்டாயிரம் டாலர் பனிவீசி நிற்கும். வெளியே எழுபது வயதுத் தாத்தா சவளோடு நிற்பார். ஏனெனில், அந்த இயந்திரத்தை இயக்க மகனுக்கு மட்டுமே தெரியும். தந்தைக்கு யாரும் காட்டிக் கொடுத்ததில்லை. அல்லது அவர் இயக்கக்கூடிய எடையில் அது இல்லை.

எங்கள் தெருவில் அப்படி நின்ற ஒரு பெரியவரிடம், “ஐயா, மகன் வந்ததும் செய்யட்டுமே” என்றேன். “சும்மா இருந்து சாப்பிட மனம் வருகுதில்லை, தம்பி” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் புலம்பெயர்ந்த முதியவர்களின் வாழ்வே அடங்கியிருக்கிறது. பேருந்துத் தடம் தெரியாது, மொழி கைகொடுக்காது, வங்கிக் கணக்கு மகன் பெயரில். அந்த வீட்டில் தாமும் ஒரு பாரம் அல்லர் என்று காட்ட அவருக்குக் கிடைத்த வேலை வாசல் பனி. அதை அவரிடமிருந்து இயந்திரத்தால் மட்டும் பறித்துவிட முடியாது. ‘வேண்டாம் அப்பா’ என்று தொலைபேசியில் சொன்னால் மட்டும் நிற்கமாட்டார். வேறொருவர் வந்து தள்ளிவிட்டார் என்னும் நிலை இருந்தால்தான் நிற்பார்.

இயந்திரத்துக்கும் தன் பங்கிற்கு ஆபத்துகள் உண்டு. ஈரப்பனி வீசுகுழாயில் அடைத்துக்கொள்ளும். அவசரத்தில் கையை விட்டு நோண்டுவோர் விரல்களை இழக்கின்றனர். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பனிவீசிக் காயங்களோடு அவசரப் பிரிவுக்குச் செல்கின்றனர். எஞ்சினை நிறுத்திய பிறகும் பட்டையிலும் தகடுகளிலும் இறுக்கம் எஞ்சியிருக்கலாம். அடைப்பு விடுபட்ட நொடியில் தகடு ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஆகவே, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சுழற்சி முற்றாக நின்றதை உறுதிசெய்து, அதன்பின் கோலால் மட்டுமே அடைப்பை நீக்க வேண்டும். கை ஒருபோதும் உள்ளே போகக்கூடாது. கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது. கதவு பாதி திறந்திருந்தாலும் மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் நிறைந்துவிடும்.

பராமரிப்பும் தலைவலிதான். கோடையில் தொட்டியில் விட்டுவைத்த பெட்ரோல் கெட்டு, எரிபொருள் கலப்பியின் நுண்துளைகளை அடைத்துவிடும். முதல் பனிப்புயல் நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் உயிர் பெறாது. பனிக்குள் மறைந்திருக்கும் செங்கல்லோ, நாளிதழ்க் கட்டோ தகட்டில் சிக்கினால், பற்சக்கரப் பெட்டியைக் காப்பதற்கென்றே வைத்திருக்கும் சிறு ஆணி முறியும். மாற்று ஆணி கையிருப்பில் இல்லையெனில் அன்று சவள்தான் கதி. மின்கலத்தில் ஓடும் புதுவகை இயந்திரங்களில் பெட்ரோல் தொல்லையில்லை, ஓசையும் குறைவு. ஆனால், கடுங்குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும் என்பதை மறந்துவிடலாகாது.

பொதுவில் பிறந்த இயந்திரம்

பனிவீசியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. தொடர்வண்டிப் பாதைக்கான சுழல் பனிக்கலப்பையை 1869இல் வடிவமைத்தவர் டொராண்டோ நகரின் பல் மருத்துவர் ஒருவர். சாலைக்கேற்ற பனிவீசியை 1925இல் உருவாக்கியவர் மாண்ட்ரியல் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார். 1927இல் அதை முதன்முதலில் விலைக்கு வாங்கியது மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமோன் நகராட்சி. அதாவது, இது பிறக்கும்போதே ஊருக்கெனப் பிறந்த இயந்திரம். பின்னால் நடந்து தள்ளும் சிறிய வகையை டோரோ நிறுவனம் 1950களின் தொடக்கத்திலும், ஏரியன்ஸ் நிறுவனம் 1960இலும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதன்பிறகே இது வீட்டுப் பொருளானது. ஊர்ப் பொருள் வீட்டுப் பொருளானதில் வசதி கூடியது; ஆனால், ‘என் வாசல், என் இயந்திரம்’ என்னும் மனப்போக்கும் கூடவே வந்தது.

அந்த மனப்போக்கைத் தெருவில் கண்ணால் காணலாம். இயந்திரம் வைத்திருப்பவர் தம் எல்லைக்கோடு வரை அளவெடுத்ததுபோல் பனியை நீக்குவார். ஓரடி தள்ளி அண்டை வீட்டு மூதாட்டியின் நடைபாதை அப்படியே கிடக்கும். இன்னும் சிலர் வீசுகுழாயை அடுத்தவர் பக்கம் திருப்பிவைப்பர். அல்லது சாலையில் வீசுவர். சாலையில் பனியைத் தள்ளுவது டொராண்டோவில் விதிமீறல். தெரிந்தும் செய்வோர் உண்டு. பனிவீசி எங்கே வீசுகிறது என்பதில் சிக்கல் இருக்கிறதென முன்னர் கூறியது இதைத்தான்.

தெருவுக்கு ஒன்று போதும்

என் கருத்து இதுதான்: வீட்டுக்கொரு பனிவீசி வேண்டாம், நான்கைந்து வீடுகளுக்கு ஒன்று போதும். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர், அதைத் தம் வாசலோடு நிறுத்துவது அறமன்று.

கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. பனியைக் கூட்டும் தகடும் வீசும் விசிறியும் தனித்தனியே கொண்ட ஈரடுக்கு இயந்திரம் ஏறத்தாழ 1,200 முதல் 2,500 கனடா டாலர் வரை ஆகிறது. டொராண்டோ போன்ற ஊரில் ஒரு வீட்டுக்காக மட்டும் அது ஓடினால் குளிர்காலம் முழுவதிலும் பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடுவதே அதிகம். எஞ்சிய காலமெல்லாம் கொட்டகையில் தூங்குகிறது. நான்கு வீடுகள் பங்கிட்டால் ஆளுக்கு 300 முதல் 625 டாலருக்குள் முடியும். ஒரு வண்டிப்பாதையை அது 15 நிமிடங்களில் முடித்துவிடும் என்றால், நான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரமே.

கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதுமன்று. ஆங்கிலேயர் விற்றுச் சென்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டத்தையே கூட்டாக வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பனிவீசியைக் கூட்டாக வாங்குவதா கடினம்? திருக்குறளின் 22ஆம் அதிகாரமான ஒப்புரவறிதல், பிறர்க்குப் பயன்படும் ஒருவனின் செல்வத்தை நிறைந்த ஊர்க்குளத்துக்கும், ஊர் நடுவே பழம் தரும் மரத்துக்கும், முழுதும் மருந்தாகும் மரத்துக்கும் ஒப்பிடுகிறது. மூன்று உவமைகளுமே வேலிக்குள் அடைபட்டவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

“எல்லாருக்கும் ஒரே காலையில்தானே தேவைப்படும்?” என்று கேட்கலாம். உண்மை. ஆகவேதான் முறை வைக்க வேண்டும். முதலில் வெளியேறும் செவிலியர் வீடு, பிறகு பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு என்று வரிசையைப் பனி விழுமுன்பே, நவம்பர் மாதத்திலேயே, தாளில் எழுதி வைத்துவிடலாம். எரிபொருளுக்கும் பழுதுக்கும் ஒரு சிறு நிதி வேண்டும். வாய்ப்பேச்சில் தொடங்கும் கூட்டு, முதல் ஆணி முறிந்ததுமே முறியும்.

“இரவல் கொடுத்து, வாங்கியவர் விரலை இழந்தால் யார் பொறுப்பு?” என்பது அதைவிட வலுவான கேள்வி. இதற்கு நான் காணும் விடை, இயந்திரத்தை இரவல் கொடுக்காதீர்கள். உழைப்பை இரவல் கொடுங்கள் என்பதே. பழகிய இருவர் மட்டும் இயக்கட்டும். மற்றவர்கள் படிக்கட்டைச் சவளால் சுத்தம் செய்யட்டும், உப்புத் தூவட்டும், தேநீர் கொண்டுவரட்டும். எல்லாரும் எல்லாம் செய்ய வேண்டியதில்லை.

“பணம் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் வந்து செய்வாரே?” என்பவர்களும் உண்டு. செய்வார், வசதியுள்ளோர் அவ்வாறே செய்யட்டும். ஆனால், அவர் வருவதற்குள் பலமுறை வேலைக்கான நேரம் கடந்துவிடுகிறது. மேலும், முன்வாசலில் மூன்று நாளாகக் காலடித் தடமே இல்லை என்பதைக் கண்டு மூதாட்டியின் கதவைத் தட்ட ஒப்பந்தக்காரருக்கு நேரமிராது. அதை அண்டை வீட்டார்தாம் காண்பர்.

சிறிய வாசல் கொண்டவர்களுக்கும், உடல்நலமுள்ள இளைஞர்களுக்கும் சவளே போதும். அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு எதுவுமே வேண்டாம். பனிவீசி எல்லாருக்கும் வேண்டும் என்று வாதிடுவது என் நோக்கமன்று.

இளையோரே, உங்களுக்கு

அங்கே படிக்க வரும் தம்பி தங்கையரிடம் சில வேண்டுகோள்கள். கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடியேறும் உங்களுக்கு வயதும் வலிமையும் இருக்கின்றன. மேல்தளத்துப் பெரியவர் சவளை எடுக்குமுன் நீங்கள் எடுங்கள். மூத்தோர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பனி அகற்ற உதவும் திட்டங்களைச் சில நகராட்சிகள் நடத்துகின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தைப் படித்து நிரப்பும் மொழி பெரியவர்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. பட்டப்படிப்பின் பயனை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்றைக் கூறுங்கள் பார்ப்போம்.

கனடாவில் ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடப்படுகிறது. ஒன்டாரியோ மாநிலம் 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் அதனை ஏற்றன. மேடைகளில் நடனமும் உரையும் சிறப்பாக நடைபெறுகின்றன, நடைபெறட்டும். ஆனால், அதே ஜனவரிதான் பனி மிகுந்த மாதமும். விடியலில் வாசலைச் சுத்தம் செய்து, வருவோர்க்கு வழி வைப்பது நம் மரபு என்றால், அந்த மரபுக்குத் தெருவிலும் வேலை இருக்கிறது. கொட்டகையில் பனிவீசி வைத்திருப்பவர் தம் எல்லைக்கோட்டில் எஞ்சினை அணைக்காமல், அடுத்த வாசலுக்கும் ஒரு 15 நிமிடம் தருவாரானால், அந்த வீட்டுப் பெரியவர் அன்று சவளைத் தொடமாட்டார். அவர் உயிரோடு இருக்க அது காரணமாகவும் அமையலாம்.